விலாசம் போதாது

பரீட்சையில் கடிதம் எழுதச் சொல்லிக் கேள்வி கேட்பது வெகுகால வழக்கம். "உங்கள் ஊர்த் திருவிழாவுக்கு வருமாறு வெளியூரிலுள்ள நண்பனை அழைத்து ஒரு கடிதம் எழுதுக" என்று கேட்போம். மாணாக்கர்களும் சளைக்காமல் எழுதுவார்கள். இடமும் தேதியும் போட்டு, "நலம், நலமறிய ஆவல்" என்று தொடங்கி, தேரையும் ராட்டினத்தையும் பஞ்சுமிட்டாயையும் வர்ணித்து, கடைசியில் ஒரு கட்டம் கட்டி, அதற்குள் உறைமேல் முகவரியும் எழுதி விடுவார்கள். நாமும் சிவப்பு மையால் திருத்தி, மதிப்பெண் போட்டு, விடைத்தாள்களைக் கட்டிப் பீரோவின் மேல் ஏற்றி விடுவோம். அழைக்கப்பட்ட அந்த நண்பன் மாத்திரம் இன்றுவரை ஒரு திருவிழாவுக்கும் வந்தபாடில்லை. எப்படி வருவான்? கடிதம் பீரோவைத் தாண்டினால் அல்லவா?

பதினெட்டு வருஷமாக இந்த வேலையைச் செய்துவரும் நமக்கு, இதிலுள்ள வேடிக்கை 2025-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில்தான் உறைத்தது. அக்டோபர் 9-ஆம் தேதி உலகத் தபால் தினம். 1874-ஆம் வருஷம் அதே தேதியில் ஸ்விட்ஜர்லாந்து தேசத்துப் பெர்ன் நகரில் பல நாட்டார் கூடி உலகத் தபால் சங்கத்துக்கு அஸ்திவாரம் போட்டார்கள். 1876-இல் இந்தியாவும் அதில் சேர்ந்தது. இந்தச் செய்தியை ஒன்பதாம் வகுப்பில் சொல்லிவிட்டு, "உங்களில் எத்தனை பேர் நிஜமாகவே ஒரு கடிதம் எழுதித் தபாலில் போட்டிருக்கிறீர்கள்?" என்று கேட்டோம். நாற்பத்திரண்டு பேரில் ஒருவரும் கை தூக்கவில்லை. ஒரு பையன் மட்டும் எழுந்து, "தபால்பெட்டி எங்கே இருக்கிறது என்று தெரியும், சார்! அதற்குள் குருவி கூடு கட்டியிருக்கிறது" என்றான். வகுப்பில் ஒரே சிரிப்பு. நமக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்றைக்கே தபாலாபீஸுக்குப் போய், இரண்டரை ரூபாய் வீதம் நாற்பத்திரண்டு இன்லண்டு கடிதங்கள் கேட்டோம். போஸ்ட்மாஸ்டர் அம்மாள் நம்மை ஏற இறங்கப் பார்த்தார். இருப்பில் இருந்தவை முப்பதுதான். குறைந்த பன்னிரண்டுக்கு வேறு எங்கோ ஆள் அனுப்பி, பிற்பகலுக்குள் தருவித்துக் கொடுத்தார். மொத்தம் நூற்றைந்து ரூபாய். வெளியூரில் இருப்பவராகவும், கடிதம் கண்டால் சந்தோஷப்படுபவராகவும் யாராவது ஒருவரைத் தேர்ந்தெடுத்து எழுத வேண்டும் என்பது ஒன்றே நாம் விதித்த நிபந்தனை. உள்ளே எழுதுவதை நாம் படிக்கமாட்டோம் என்றும் வாக்குக் கொடுத்தோம்.

விலாசங்களை மட்டும் பார்வையிட்டோம். அப்பப்பா! ஒருவன் "பெரியப்பா, புதூர்" என்று எழுதியிருந்தான். தமிழ்நாட்டில் எத்தனை புதூர் இருக்கிறது என்பதை அந்தப் பெரியப்பாவே அறியமாட்டார். இன்னொருத்தி "அத்தை, மதுரை, கோயில் பக்கத்தில்" என்று எழுதியிருந்தாள். மதுரையில் எந்த இடந்தான் கோயில் பக்கத்தில் இல்லை? இவற்றையெல்லாம் திருத்தி, வீட்டில் கேட்டு வரச் சொல்லி, ஒழுங்கு செய்வதற்குள் பள்ளி விடும் நேரமாகி விட்டது. கடைசிப் பெஞ்சிலிருந்து ஒரு பையன் நீட்டிய கடிதத்தை அவசரமாகப் பார்த்தோம். தலைப்பெழுத்தோடு தகப்பனார் பெயர், அதன் கீழ் "பனியன் கம்பெனி, திருப்பூர்." எழுத்துப் பிழை இல்லை. பார்வைக்குப் பூரணமாக இருந்தது. "பேஷ்!" என்று சொல்லி ஒட்டச் செய்தோம்.

நம்முடைய தவறு அங்கேதான் ஆரம்பமாயிற்று.

*

நான்கைந்து நாட்களில் பலன் தெரியத் தொடங்கிற்று. புதுக்கோட்டையில் ஒரு பாட்டி, பேத்தியின் கடிதத்தை எடுத்துக்கொண்டு தெரு முழுவதும் போய்க் காட்டி வந்தாளாம். ஒருவனுடைய சித்தப்பா, "பணம் ஏதாவது வேண்டுமா?" என்று பயந்துபோய்க் கைப்பேசியில் கூப்பிட்டாராம். கடிதம் என்றாலே ஏதோ விபரீதம் என்று ஜனங்கள் நினைக்கும் காலமாகிவிட்டது! இரண்டு கடிதங்களைப் பற்றி மட்டும் எந்தத் தகவலும் இல்லை. மற்றவையெல்லாம் போய்ச் சேர்ந்தன என்று தெரிந்தது, ஒன்றைத் தவிர.

தீபாவளிக்கு மூன்று நாள் முன்னதாகத் தபால்காரர் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். கடைசிப் பெஞ்சுப் பையனின் நீலக் கடிதம் திரும்பி வந்திருந்தது. அவன் அதைக் கையில் வாங்கி, முன்னும் பின்னும் பார்த்தான். பிரிக்காமல் வந்திருந்தது. பிறகு, யாருக்கும் கேட்காத குரலில், "அப்பாவுக்கு வேண்டாமாம், சார்" என்றான்.

அந்த மூன்று சொற்களின் அர்த்தம் நமக்கு உடனே விளங்கவில்லை. பக்கத்திலிருந்தவர்களை விசாரித்த பிறகுதான் தெரிந்தது. எட்டு மாதங்களுக்கு முன் வீட்டில் ஏதோ சண்டை. கோபித்துக்கொண்டு போன தகப்பனார் திருப்பூரில் தையல் வேலை பார்க்கிறார். கைப்பேசி எண்ணை மாற்றிவிட்டார். எப்போதாவது ஊர்க்காரர் ஒருவர் மூலமாகப் பணம் மட்டும் வரும், சேதி வராது. வெளியூரில் இருப்பவர், கடிதம் கண்டால் சந்தோஷப்படுபவர் என்று நாம் விதித்த நிபந்தனைக்குப் பையன் தேர்ந்தெடுத்த மனிதர் அவர். கடிதம் பிரிக்கப்படாமல் திரும்பி வந்ததும், அவர்தான் வேண்டாமென்று திருப்பிவிட்டார் என அவன் முடிவு செய்துவிட்டான்.

"பேஷ்!" என்று நாம் சொன்ன சொல் நம்மையே வந்து குத்திற்று.

மறுநாள் காலையில் பையனைத் தபாலாபீஸுக்கு அழைத்துப் போனோம். போஸ்ட்மாஸ்டர் அம்மாள் கடிதத்தை வாங்கி, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஜோசியர் ஜாதகம் பார்ப்பதுபோல் நிதானமாகப் பார்த்தார். "தம்பி, இங்கே வந்து பார்" என்று கூப்பிட்டு, ஒவ்வொன்றாகக் காட்டினார். அக்டோபர் 9-ஆம் தேதி நம் ஊர் முத்திரை. 13-ஆம் தேதி திருப்பூர் முத்திரை. ஓரத்தில் பென்சிலால் ஏதோ ஒரு கம்பெனியின் பெயர் எழுதி அடித்திருந்தது. அதன் கீழே இன்னொரு பெயர்; அதுவும் அடித்திருந்தது. எல்லாவற்றுக்கும் கீழே, மையால், "விலாசம் போதாது. அனுப்பியவருக்குத் திருப்புக."

"திருப்பூரில் பனியன் கம்பெனிகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. இந்த விலாசத்தைப் பார்த்தவுடனேயே இதைத் திருப்பி அனுப்பியிருந்தால் யாரும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால், அங்கே இருக்கிற தபால்காரர் இரண்டு கம்பெனி வாசலில் போய், 'இந்தப் பெயரில் யாராவது இருக்கிறார்களா?' என்று விசாரித்திருக்கிறார். உன் அப்பாவை அவர் தேடியிருக்கிறார், தம்பி. அகப்படவில்லை. அவ்வளவுதான்" என்றார் அம்மாள்.

"அப்படியென்றால் அப்பா இதைப் பார்க்கவே இல்லையா?"

"பார்க்கவே இல்லை. வேண்டாம் என்று அவர் சொல்லியிருந்தால், 'வாங்க மறுத்தார்' என்று எழுதியிருப்பார்கள். அதற்கு வேறு வாசகம்."

பையன் கடிதத்தைத் திரும்ப வாங்கி, மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான். முகம் தெரியாத ஒரு தபால்காரரின் பென்சில் கிறுக்கல், பட்டம் பெற்ற வாத்தியார் சொல்லியிருக்கக்கூடிய எந்த ஆறுதலையும் விடப் பெரிய ஆறுதலாக அமைந்துவிட்டது.

*

தீபாவளி விடுமுறைக்குப் பிறகு, வகுப்பு முழுவதையும் தபாலாபீஸுக்கு அழைத்துச் சென்றோம். அந்த அம்மாள் சொன்னதும், நாம் படித்துத் தெரிந்துகொண்டதுமாகப் பையன்களுக்கு விளங்கிய விஷயங்களை வாசகர்களுக்கும் சொல்வது பொருத்தமாயிருக்கும்.

சிவப்புப் பெட்டியில் போட்ட கடிதம் முதலில் தபாலாபீஸ் மேஜைக்கு வருகிறது. எல்லாவற்றையும் ஒரே முகமாக அடுக்கி, தேதி முத்திரையால் தலையில் ஓங்கிக் குத்துகிறார்கள். பிறகு அவை கட்டுகளாகி, பைக்குள் புகுந்து, பிரிக்கும் நிலையத்துக்குப் போகின்றன. ரயில் நிலையங்களில் 'ஆர்.எம்.எஸ்.' என்ற பலகையை நேயர்கள் பார்த்திருப்பார்கள். முற்காலத்தில் ஓடுகிற ரயிலிலேயே, ஆடுகிற வண்டியில் நின்றுகொண்டு, புறாக்கூடு போன்ற அறைகளில் கடிதங்களைப் பிரித்துப் போட்டுக்கொண்டே போவார்கள். இப்போது அந்த வேலை பெரும்பாலும் நிலையங்களிலேயே நடக்கிறது. சேரும் ஊரின் தபாலாபீஸில், தபால்காரர் தமக்குரிய கடிதங்களைத் தெரு வரிசையாக, வீட்டு வரிசையாக அடுக்கிக்கொண்டு புறப்படுகிறார்.

இதில் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. சாதாரணத் தபாலில் பைக்குக் கணக்கு உண்டு. கடிதத்துக்குக் கணக்கு இல்லை. இந்தக் கட்டில் யாருடைய கடிதம் இருந்தது, யார் கையிலிருந்து யார் கைக்குப் போயிற்று என்று எங்கும் எழுதி வைப்பதில்லை. தகவல் தெரியாமற்போன அந்த இரண்டு கடிதங்களை எங்கே தேடுவது என்று பையன்கள் கேட்டபோது, "அதற்குத்தான் வழியில்லை" என்று அம்மாள் கையை விரித்தார். "ஒவ்வொரு கடிதத்துக்கும் பேரேடு எழுதினால், இரண்டரை ரூபாய்க்குக் கட்டுமா?" என்றும் கேட்டார். நியாயமான கேள்வி. 2025-ஆம் ஆண்டிலும் கார்டின் விலை அரை ரூபாய்தான்; இருபது கிராம் வரையுள்ள உறைக் கடிதத்துக்கு ஐந்து ரூபாய்தான். இவ்வளவு மலிவாக இருப்பதற்குக் காரணம், நடுவில் யாரும் யாரையும் ரசீது கேட்பதில்லை என்பதே. சாதாரணத் தபால் என்பது ஒருவரை ஒருவர் நம்புகிற ஏற்பாடு.

அப்பொழுது ஒரு பெண் குறுக்கிட்டு, "பக்கத்து ஊருக்கும் இரண்டரை ரூபாய், காஷ்மீரத்துக்கும் இரண்டரை ரூபாயா? அது எப்படிச் சரியாகும்?" என்று கேட்டாள். இந்தக் கேள்விக்கு விடை சொன்னவரும் ஒரு காலத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர்தான் என்பதை நாம் சற்றுப் பெருமையோடு சொல்லிக்கொண்டோம். இங்கிலாந்தில் அந்நாளில் தூரத்துக்குத் தக்கபடி தபால் கட்டணம் வசூலித்தார்கள். பெரும்பாலும் கடிதத்தைப் பெறுகிறவரே பணம் கொடுக்க வேண்டும். ரோலண்ட் ஹில் என்பவர் 1837-ஆம் வருஷம் ஒரு சிறு நூல் வெளியிட்டு, கணக்குப் போட்டுக் காட்டினார். ஒரு கடிதத்தை ஊர் விட்டு ஊர் சுமந்து செல்வதற்கு ஆகும் செலவு மிகவும் அற்பம். அதை வாங்குவது, விலை கணக்கிடுவது, கொண்டுபோய்க் கொடுப்பது, காசு வசூலிப்பது ஆகிய காரியங்களுக்குத்தான் செலவு. ஆகையால், முன்பணமாக ஒரே கட்டணம் வாங்கினால் போதும் என்றார். 1840-இல் அங்கே ஒரு பென்னித் தபால் வந்தது. நமது தேசத்தில் 1854-ஆம் வருஷம் அதே முறை வந்தது. கால் தோலா எடையுள்ள கடிதத்துக்கு அரை அணா; குமரிமுனைப் பக்கம் போனாலும் பெஷாவருக்குப் போனாலும் தபால் இலாகாவின் எல்லைக்குள் அதே அரை அணா. 1879-இல் கால் அணாக் கார்டும் வந்தது. ஏழை ஒருவன் ஆயிரம் மைலுக்கு அப்பாலுள்ள மகனோடு பேசுவதற்குக் கால் அணா போதும் என்றால், அது சாமான்யமான காரியமா?

ரோலண்ட் ஹில்லின் கணக்கைச் சொல்லிக்கொண்டு வரும்போதே நம் மனத்தில் வேறொன்று ஓடிற்று. தூரம் ஒரு பெரிய விஷயமே அல்ல. நம் ஊரிலிருந்து திருப்பூருக்குப் போகக் கடிதத்துக்கு நான்கு நாள் போதும். வாசலைக் கண்டுபிடிப்பதுதான் பெரிது. முதல் வாசலிலிருந்து கடைசித் தெரு வரையில் தபால் இலாகா கொண்டுபோய் விடும். அந்தக் கடைசி வாசலைக் காட்டிக் கொடுக்க வேண்டியவர் எழுதுகிறவர்தான். அந்தப் பாதி வேலையை நாம் செய்யாமல் விட்டுவிட்டுத் தபால்காரரைத் திட்டுவதில் பயனில்லை.

அந்தப் பாதி வேலைக்கு ஒத்தாசையாகத்தான் 1972-ஆம் வருஷம் ஆகஸ்டு 15-ஆம் தேதி பின்கோடு என்னும் ஆறு இலக்க எண் வந்தது. அதை வகுத்தவர் தபால் இலாகாவில் பெரிய உத்தியோகம் பார்த்த ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர். அவர் சம்ஸ்கிருத வித்துவானுங்கூட. ஒரே பெயருள்ள பல ஊர்கள், பல பாஷைகள், பலவிதக் கையெழுத்துக்கள் ஆகிய இவற்றுக்கு நடுவே திண்டாடியவர்களுக்கு இது பெரிய வரப்பிரசாதம். திருப்பூர்த் தலைமைத் தபாலாபீஸின் எண்ணை எடுத்துக்கொள்வோம்: 641601. முதலில் நிற்கும் 6 தமிழ்நாடும் கேரளமும் சேர்ந்த தென்பகுதியைக் காட்டும். 64 என்றால் அதற்குள் மேற்குப் பக்கத்து வட்டாரம். 641 என்றால் கோயம்புத்தூரைச் சேர்ந்த பிரிப்பு மாவட்டம். கடைசி மூன்று இலக்கங்கள் குறிப்பிட்ட தபாலாபீஸைக் காட்டும். ராணுவத் தபாலுக்கு மட்டும் முதல் எண் 9. வரிசையாகத் திறந்துகொண்டு போகும் கதவுகள் போன்றவை இந்த இலக்கங்கள். ஆனால் இவையும் தபாலாபீஸ் வாசல் வரையில்தான் கொண்டுபோய் விடும். அதற்கப்பால் தெருவும் கதவு எண்ணும் வேண்டும்.

*

பணம் கொண்டுவந்து கொடுக்கும் ஊர்க்காரர் தீபாவளிக்கு வந்தவர் இன்னும் திருப்பூர் திரும்பவில்லை என்று கேள்விப்பட்டு, அவரைப் பிடித்தோம். முதலில் தயங்கினார். "அவர் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றாரே, சார்" என்றார். "விலாசத்தை மட்டும் சொல்லுங்கள், வேறொன்றும் கேட்கவில்லை" என்றோம். வரிசை வீடுகளில் எத்தனாவது கதவு, எந்தத் தெரு, எந்தத் தபாலாபீஸ் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டு பையனின் வீட்டுக்குப் போனோம்.

அவனுடைய தாயார் திண்ணை ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "பையன் மறுபடியும் ஒரு கடிதம் போடப் போகிறான், அம்மா. உங்களுக்கு ஆட்சேபம் இல்லையே?" என்றோம். பதில் இல்லை. உள்ளே போனார். நமக்குச் சங்கடமாயிருந்தது. சற்று நேரம் கழித்து, பழைய கண்ணாடிக் கூடு ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார்.

"இதையும் சேர்த்து அனுப்ப முடியுமா, சார்? போகும்போது விட்டுவிட்டுப் போய்விட்டார். தையல் வேலை. கண்ணாடி இல்லாவிட்டால் அவருக்கு ஊசிக் கண் தெரியாது."

எட்டு மாதத்தில் ஒரு தையற்காரர் வேறு கண்ணாடி வாங்கிக்கொள்ளாமலா இருப்பார் என்று நமக்குத் தோன்றிற்று. நல்லவேளையாக வாயைத் திறக்கவில்லை. அந்த அம்மாள் அனுப்புவது கண்ணாடி அல்லவென்று புரிந்துகொள்ளப் பட்டப் படிப்பு தேவையில்லை.

ஆனால், சாமான் அனுப்புவதில் நமக்கு ஏற்கெனவே ஒரு கசப்பான அநுபவம் உண்டு. சில வருஷங்களுக்கு முன் நம் தமக்கையின் பிள்ளை சென்னையில் கல்லூரியில் சேர்ந்தபோது, நம் தகப்பனார் வைத்திருந்த மைப் பேனாவை அவனுக்கு ஆசீர்வாதமாக அனுப்ப எண்ணினோம். ஒரு சாதாரண உறைக்குள் கடிதத்தோடு பேனாவையும் வைத்து, தாராளமாகத் தபால்தலை ஒட்டி, பெட்டியில் போட்டுவிட்டோம். ஒரு வாரத்தில் பதில் வந்தது: "மாமா, தாத்தாவின் பேனா வரவில்லை. அது வெளியே போன வழி மட்டும் வந்திருக்கிறது." உறையின் மூலையில் ஓர் ஓட்டை. "இத்துடன் தாத்தாவின் பேனாவை அனுப்பியிருக்கிறோம்" என்ற நம் கடிதம் மட்டும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. முத்திரைக் குத்து, கயிற்றுக் கட்டு, பை, மேலே இன்னொரு பை என்று இத்தனையையும் மெல்லிய காகித உறை தாங்கும் என்று நினைத்தது யாருடைய பிசகு? அதைத் தேடுவதற்கும் வழியில்லை. எண் இல்லாத பொருளை என்னவென்று சொல்லித் தேடுவது?

ஆகவே இந்தத் தடவை வகுப்பையே கூட்டி வைத்துப் பொட்டலம் கட்டினோம். கண்ணாடிக் கூட்டைப் பஞ்சில் சுற்றி, அசையாதபடி கெட்டி அட்டைப் பெட்டிக்குள் வைத்தோம். மேலே துணி சுற்றித் தைத்தாள் ஒரு பெண். விலாசத்தை வெளியே தெளிவாக எழுதியதோடு, பெட்டிக்குள்ளும் ஒரு சீட்டில் எழுதி வைத்தோம். மேலே உள்ள எழுத்து அழிந்து போனால், அந்தப் பொட்டலம் கடைசியில் போய்ச் சேருவது திரும்பிய கடித ஆபீஸ். முன்னாளில் அதை 'டெட் லெட்டர் ஆபீஸ்' என்பார்கள். அங்கே மட்டுந்தான் அதைப் பிரித்து, உள்ளே ஏதாவது விலாசம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். உள்ளே ஒரு சீட்டு இருந்தால் பொட்டலத்துக்கு மறுபிறவி உண்டு.

பெட்டியில் போடவும் இல்லை. தபாலாபீஸ் ஜன்னலில் நேரே கொடுத்தோம். பழைய ரிஜிஸ்தர் தபாலை, 1986-இல் ஏற்பட்ட விரைவுத் தபாலோடு 2025-ஆம் ஆண்டில் இணைத்துவிட்டார்கள். ஆதலால் விரைவுத் தபாலிலேயே அனுப்பினோம். நூறு ரூபாய்க்குள் காரியம் முடிந்தது. ரசீதில் ஓர் எண் இருந்தது. அந்த எண்ணைக் கொண்டு பொட்டலம் எங்கே இருக்கிறது என்று கைப்பேசியிலேயே பார்க்கலாம். பையன் பார்க்கவில்லை, அவனிடம் கைப்பேசி கிடையாது. வகுப்பிலுள்ள மற்றவர்கள் வீட்டிலிருந்து பார்த்துவிட்டு வந்து, "உன் அப்பா கண்ணாடி கோயம்புத்தூர் தாண்டிவிட்டதடா!" என்று தினமும் அறிக்கை கொடுத்தார்கள். மூன்றாம் நாள், "கொடுத்தாகிவிட்டது" என்றார்கள்.

திரும்பி வந்த நீலக் கடிதத்தை என்ன செய்தான் என்று கேட்டோம். அதையும் பிரிக்காமலேயே பெட்டிக்குள் வைத்துவிட்டானாம். அந்தப் பென்சில் கிறுக்கலை அப்பா பார்க்க வேண்டும் என்றான்.

*

கார்த்திகை மாதத்தில் ஒரு நாள் தபால்காரர் வகுப்பு வாசலில் வந்து நின்றார். வழக்கமாகத் தலைமை ஆசிரியர் அறையில் கொடுத்துவிட்டுப் போகிறவர், அன்று அங்கே கொடுக்கவில்லை. கையில் ஓர் அரை ரூபாய்க் கார்டு. கார்டு என்பது எல்லோரும் படிக்கக்கூடியது. அவரும் படித்திருக்கிறார் என்பது முகத்திலேயே தெரிந்தது. பையனைக் கூப்பிட்டு அவன் கையிலேயே கொடுத்தார்.

அவன் படித்துவிட்டு நம்மிடம் நீட்டினான். எழுதிப் பழக்கமில்லாத கையெழுத்து. "கண்ணாடி வந்தது. இங்கே வாங்கியது கண்ணுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இதுதான் சரியாயிருக்கிறது. பொங்கலுக்கு வருகிறேன். அம்மாவிடம் சொல்." அவ்வளவுதான். நலம் இல்லை, நலமறிய ஆவலும் இல்லை. பரீட்சையில் இப்படி எழுதியிருந்தால் ஐந்துக்கு ஒரு மதிப்பெண்கூடக் கொடுத்திருக்கமாட்டோம்! ஆனால் நம் வாழ்நாளில் நாம் படித்த கடிதங்களில் இதற்கு இணையானதைச் சொல்ல நமக்குத் தெரியவில்லை.

வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். அரை ரூபாய் கொடுத்து ஒரு கார்டு வாங்கி, வீட்டிலுள்ள குழந்தையின் கையில் கொடுங்கள். தூரத்திலிருக்கும் ஒருவருக்கு எழுதச் சொல்லுங்கள். அவர் எந்தத் தெருவில், எந்தக் கதவு எண்ணில் இருக்கிறார் என்று அது உங்களை வந்து கேட்கும். அதற்குப் பதில் தெரியவில்லையென்றால், கடிதம் போகாததைவிடப் பெரிய குறை ஒன்று நம்மிடம் இருக்கிறது என்று அர்த்தம்.

டிசம்பரில் அரையாண்டுப் பரீட்சை நடந்தது. வழக்கம்போல் அதே கேள்வி: ஊரில் நடக்கும் விழாவுக்கு வருமாறு நண்பனை அழைத்துக் கடிதம் எழுதுக. கடைசிப் பெஞ்சுப் பையன் நண்பனுக்கு எழுதவில்லை. "அன்புள்ள அப்பாவுக்கு" என்று ஆரம்பித்துப் பொங்கலுக்கு அழைத்திருந்தான். கீழே கட்டம் கட்டி, கதவு எண், தெரு, தபாலாபீஸ், ஆறு இலக்க எண் எல்லாவற்றையும் பிழையில்லாமல் எழுதியிருந்தான். கேள்விக்கு ஏற்ற விடையல்ல. விதிப்படி மதிப்பெண் குறைத்திருக்க வேண்டும். நாம் முழு மதிப்பெண்ணும் போட்டுவிட்டோம். மேலதிகாரிகள் மன்னிப்பார்களாக.

தை பிறந்தது. பொங்கலுக்கு மறுநாள் கடைத்தெருவில் ஒரு மனிதர் பையனின் தோளில் கை போட்டுக்கொண்டு கரும்பு பேரம் பேசிக்கொண்டிருந்தார். மூக்கில் அந்தப் பழைய கண்ணாடி. நமது பதினெட்டு வருஷ அநுபவத்தில், விடைத்தாளில் அழைக்கப்பட்ட ஒருவர் நிஜமாகவே வந்து சேர்ந்தது இதுவே முதல் தடவை.